வாசலுக்கு வெளியே வைத்த பிறகு

பதினோரு வருடக் குறிப்புகள் இருந்த நோட்டு ஒன்றைக் குப்பையில் போட்டுவிட்டேன். வேண்டுமென்றே இல்லை. பழைய செய்தித்தாள்களை அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டியபோது இடையில் அதுவும் மாட்டிக்கொண்டது. இரவே கட்டை வெளியே வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் மேசையைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. செருப்புகூடப் போடாமல் ஓடினேன். வண்டி தெருமுனையில் நின்றது. கட்டு அதற்குள் உள்ளே போய்விட்டிருந்தது.

வண்டியின் பின்னால் நின்ற பணியாளரிடம் விஷயத்தைச் சொன்னேன். பாவமாகத்தான் பார்த்தார். "வண்டியில ஏறிட்டா எடுத்துத் தர எங்களுக்கு அனுமதி இல்லைங்க. ஆபீஸ்ல கேட்டுப் பாருங்க" என்றார். ஆபீஸிலும் கேட்டேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவரின் குரலில் இரக்கம் கொஞ்சம் குறைவு.

"அது இப்ப உங்களோடது இல்ல சார்."

"அப்போ யாரோடது?"

அவர் மெல்லிய கையேடு ஒன்றை எடுத்து, ஒரு பக்கத்தைப் புரட்டி, விரல் வைத்துக் காட்டினார். சேகரிப்பதற்காக வெளியே வைக்கப்படும் எந்தப் பொருளும் வைத்த நேரத்திலிருந்து உள்ளாட்சி அமைப்பின் உடைமை. ஒரே வரி. என் பதினோரு வருடத்தை அந்த ஒரு வரி எடுத்துக்கொண்டது.

நோட்டு கிடைக்கவே இல்லை. கையேட்டை மட்டும் கேட்டு வாங்கி வந்தேன். அன்றிரவு அதை முதல் பக்கத்திலிருந்து படித்தேன், ஏதாவது ஓட்டை கிடைக்காதா என்ற வீம்பில்தான். எத்தனை மணிக்கு வெளியே வைக்கலாம், தொட்டிக்கு மூடி வேண்டுமா, மக்கும் குப்பை எந்த நாள், மக்காதது எந்த நாள், உடைந்த கண்ணாடியை எதில் சுற்ற வேண்டும் என்று பக்கம் பக்கமாக இருந்தது. படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. மற்ற விதிகள் எல்லாம் அந்த உடைமை வரியின் மேல்தான் நின்றன. குப்பை யாருடையது என்று முடிவாகாமல், யார் அள்ளலாம், யார் விற்கலாம், யார் செலவை ஏற்க வேண்டும் என்று ஒரு விதிகூட எழுத முடியாது.

அன்றிலிருந்து எந்த ஊரின் குப்பைச் சட்டம் கண்ணில் பட்டாலும் முதலில் அந்த வரியைத்தான் தேடுகிறேன். ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது.

என்னைவிடப் பெரிய நோட்டைத் தொலைத்தவர் ஒருவர் பிரிட்டனில் இருக்கிறார். நியூபோர்ட் நகரத்துக் கணினிப் பொறியாளர். அவருடைய ஹார்ட் டிஸ்க் ஒன்று 2013ல் தவறுதலாகக் குப்பைக்குப் போனது. சுமார் 8,000 பிட்காயின்களுக்கான சாவி அதில் இருந்ததாகச் சொல்கிறார். நகராட்சியின் குப்பைக் கிடங்கைத் தோண்ட அனுமதி கேட்டுப் பல வருடம் போராடி, கடைசியில் வழக்குப் போட்டார். நகராட்சி இரண்டு பதில் சொன்னது. ஒன்று, கிடங்கைத் தோண்டினால் சுற்றுச்சூழல் கெடும். இன்னொன்று, கிடங்குக்குள் வந்தவை எல்லாம் சட்டப்படி எங்களுடையவை. 2025 ஜனவரியில் நீதிமன்றம் அவருடைய வழக்கை விசாரணைக்கே எடுக்காமல் தள்ளிவிட்டது. படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதல் வந்தது என்று ஒத்துக்கொள்கிறேன். அற்பமான ஆறுதல்தான்.

சரி, குப்பை என்றால் என்ன? ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008ஆம் ஆண்டுக் கழிவுச் சட்டத்தில் அதற்கு வரையறை இருக்கிறது. வைத்திருப்பவர் தூக்கி எறிகிற பொருள், எறிய நினைக்கிற பொருள், எறிந்தே ஆக வேண்டிய பொருள். பொருள் அழுகியதா, உடைந்ததா, நாறுகிறதா என்பதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. வைத்திருப்பவர் அதை என்ன செய்கிறார், என்ன செய்ய நினைக்கிறார் என்பதுதான் கணக்கு. நேற்று வரை நாற்காலி. "இதைத் தூக்கிப் போட்டுவிடலாம்" என்று தீர்மானித்த நிமிடத்தில் அது கழிவு. அப்புறம் அதே சட்டம், கழிவு எப்போது மறுபடியும் கழிவு அல்லாத பொருளாகிறது என்பதற்கும் தனியாக ஒரு பிரிவு வைத்திருக்கிறது. நம்மவர்கள் தத்துவத்தில் தேடியதை இவர்கள் நிர்வாக விதியில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் "தூக்கி எறிந்தேன்" என்றால் உரிமையைக் கைவிட்டேன் என்று அர்த்தமா? இங்கேதான் நீதிமன்றங்கள் ஆளுக்கொரு பக்கம் போகின்றன.

கலிபோர்னியாவின் லகுனா பீச் நகரத்தில் 1984ல் போலீசாருக்கு ஒருவர் மேல் போதைப்பொருள் சந்தேகம். அவர் வீட்டை நேரடியாகச் சோதனை போட அப்போது வாரண்ட் இல்லை. தெருவில் வழக்கமாகக் குப்பை அள்ளுபவரிடம் அந்த வீட்டுப் பைகளை மட்டும் தனியாக எடுத்துத் தரச் சொன்னார்கள். பையைப் பிரித்தார்கள், தடயம் கிடைத்தது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1988ல் தீர்ப்பு வந்தது. தெருவோரம் வைத்த பையை நாய் கிளறும், குழந்தை கிளறும், பொறுக்குகிறவர் கிளறுவார், வம்புக்கு அலைகிறவரும் கிளறுவார். அப்படியிருக்க அதில் அந்தரங்கம் எதிர்பார்ப்பது நியாயமில்லை, போலீஸ் பார்த்ததில் தவறில்லை என்றார்கள். இரண்டு நீதிபதிகள் ஒத்துக்கொள்ளவில்லை. நியூ ஜெர்சி மாநிலத்தின் உச்ச நீதிமன்றமும் இரண்டு வருடம் கழித்துத் தன் மாநில அரசியல் சட்டத்தைக் காட்டி, இங்கே வாரண்ட் வேண்டும் என்றது. ஒரு வீட்டின் குப்பைப் பை அந்த வீட்டைப் பற்றிச் சொல்லாத ரகசியம் இல்லை. மருந்துச் சீட்டு, கிழித்துப் போட்ட கடிதம், வங்கிக் காகிதம் எல்லாம் அதில்தானே போகின்றன.

இப்போது ஜெர்மனிக்கு வாருங்கள். பவேரியாவில் ஓல்ஷிங் என்ற சிற்றூர். 2018ல் இரண்டு மாணவிகள் சூப்பர்மார்க்கெட்டின் பின்புறம் பூட்டியிருந்த தொட்டியைத் திறந்து, கடை எறிந்த உணவுப் பொருட்களை எடுத்தார்கள். திருட்டு வழக்குப் பதிவானது. அவை குப்பைதானே என்று கேட்டதற்கு, கடைக்காரர் பூட்டுப் போட்டு வைத்திருக்கிறார், அள்ளிச் செல்ல ஒரு நிறுவனத்துக்குப் பணம் கொடுக்கிறார், ஆகவே யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று அவர் விட்டுவிடவில்லை என்றது நீதிமன்றம். எட்டு மணி நேரச் சமூக சேவை செய்யச் சொன்னார்கள், அதுவும் ஏழைகளுக்கு உணவு வழங்கும் ஓர் அமைப்பில். 2020ல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றமும் தலையிட மறுத்தது.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தொலைத்தவர் திரும்பக் கேட்டால் அது நகராட்சியின் உடைமை. போலீஸ் கேட்டால் அது தெருவில் கிடந்த பொருள். பசிக்கிறவரோ மனசு கேட்காதவரோ எடுத்தால் அது கடைக்காரரின் சொத்து. வெவ்வேறு நாட்டுச் சட்டங்களை ஒரே தராசில் வைப்பது சரியில்லை என்று வழக்கறிஞர் யாராவது சண்டைக்கு வரலாம். வரட்டும். எடுக்கிறவர் யார் என்று பார்த்த பிறகுதான் உரிமையாளர் யார் என்பது முடிவாகிறதோ என்ற சந்தேகம் எனக்கு இன்னும் போகவில்லை.

இந்தச் சந்தேகத்தோடு பாரீஸ் கதையைப் படித்தால் அது வேறு மாதிரி தெரிகிறது. யூஜின் பூபெல் என்ற சட்டப் பேராசிரியர் அந்நகரை உள்ளடக்கிய மாவட்டத்தின் நிர்வாக அதிகாரியாக ஆனார். 1883 நவம்பரில் ஓர் ஆணை போட்டார். ஒவ்வொரு கட்டட உரிமையாளரும் குடியிருப்பவர்களுக்கு மூடியுள்ள தொட்டி கொடுக்க வேண்டும். அதுவும் மூன்று: அழுகும் குப்பைக்கு ஒன்று, காகிதத்துக்கும் கந்தல் துணிக்கும் ஒன்று, கண்ணாடி, பீங்கான், சிப்பி ஓட்டுக்கு ஒன்று. நாம் ஏதோ நேற்று கண்டுபிடித்ததாக நினைக்கும் தரம் பிரித்தல் அப்போதே ஆணையில் இருந்தது. எரிச்சலடைந்த பாரீஸ்காரர்கள் தொட்டிக்கே அவர் பெயரை வைத்தார்கள். இன்றும் பிரெஞ்சு மொழியில் குப்பைத் தொட்டிக்கு "பூபெல்" என்றுதான் பெயர். இதைவிட நீண்ட தண்டனை எந்த அதிகாரிக்கும் கிடைத்ததாகத் தெரியவில்லை.

பொதுவாக இந்தக் கதையை இதோடு சிரித்துவிட்டு முடித்துவிடுவார்கள். அதில் அடிபட்டவர்கள் கந்தல் பொறுக்குபவர்கள். அதுவரை மக்கள் மாலையில் குப்பையைத் தெருவில் கொட்டுவார்கள். இரவு முழுக்க, முதுகில் கூடையும் ஒரு கையில் விளக்கும் மறு கையில் கொக்கியுமாக இவர்கள் அதைக் கிளறுவார்கள். கந்தல் காகித ஆலைக்குப் போகும். எலும்பு பொத்தானாகும், பசையாகும். விடிவதற்குள் குவியலில் விலை போகிற எதுவும் மிஞ்சியிருக்காது. மிச்சத்தை வண்டி அள்ளும். புதிய ஆணைப்படி தொட்டியை வண்டி வருவதற்குச் சற்று முன்புதான் வெளியே வைக்க வேண்டும். மூடிக்கும் துர்நாற்றத்துக்கும் சம்பந்தம் இருக்கிறது, சரி. ஆனால் நேரம்? அந்த ஒரு நிபந்தனை அவர்களுடைய இரவு முழுவதையும் எடுத்துக்கொண்டது. அவர்கள் கூச்சல் போட்டார்கள், பத்திரிகைகளும் சேர்ந்துகொண்டன. பிறகு அவர்கள் பொறுக்குவதற்குக் கொஞ்சம் இடம் விட்டு விதி தளர்த்தப்பட்டது. மூன்று தொட்டிகளில் தரம் பிரிக்கும் ஏற்பாடு மட்டும் நிலைக்கவில்லை. தினமும் பிரித்துக்கொண்டிருந்தவர்களை ஓரம் தள்ளிவிட்டு, பிரிக்கத் தெரியாத வீட்டுக்காரர்களிடம் அந்த வேலையைக் கொடுத்தால் வேறென்ன நடக்கும்?

என் கையேட்டிலும் அந்த நேர விதி இருக்கிறது. காலை ஆறு மணிக்கு முன்னால் எதையும் வெளியே வைக்கக் கூடாது. முந்தைய இரவே கட்டை வைத்த நான் அதையும் மீறியிருக்கிறேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஆரம்பத்தில் ஊராட்சிகளும் நகராட்சிகளும் குப்பையின் உரிமையைக் கேட்டதற்கு நியாயமான காரணம் நோய். காலரா, டைபாய்டு காலம். 1905ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு இரண்டு வழக்குகள் வந்தன, ஒன்று சான் பிரான்சிஸ்கோவிலிருந்து, இன்னொன்று டெட்ராய்ட்டிலிருந்து. குப்பையை நகரம் நியமித்த ஆளிடம்தான் கொடுக்க வேண்டும், வேறு யாரும் அள்ளக் கூடாது என்பது விதி. டெட்ராய்ட் வழக்கில் எதிர்த்தவரின் வாதம் சாதாரணமானது. விடுதிகளின் எச்சில் உணவு பன்றிக்குத் தீவனம், அதற்கு விலை உண்டு, என் சொத்தைச் சும்மா பிடுங்குகிறீர்கள் என்றார். கொஞ்சம் மதிப்பு இருக்கலாம், ஊரின் ஆரோக்கியம் அதைவிடப் பெரிது என்று நீதிமன்றம் நகரத்தின் பக்கம் நின்றது. அந்தக் காலத்தில் நான் அங்கே இருந்திருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

பிறகு காரணம் மெல்ல மாறியது. அதற்கு நியூயார்க் மாநிலத்தின் கிளார்க்ஸ்டவுன் நல்ல உதாரணம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எந்த ஊரின் குப்பை ஒப்பந்தத்தைப் பிரித்தாலும் உள்ளே இந்தக் கணக்கின் ஏதாவது ஒரு துண்டு இருக்கும்.

ஊரின் பழைய கிடங்கை மூடச் சொல்லி 1989ல் மாநிலம் உத்தரவிட்டது. பதிலாகக் குப்பையைத் தரம் பிரித்து வேறிடத்துக்கு அனுப்ப ஒரு நிலையம் கட்ட வேண்டும். ஊரிடம் காசு இல்லை. ஓர் ஒப்பந்ததாரர் வந்தார். நானே கட்டுகிறேன், ஐந்து வருடம் நானே நடத்துகிறேன், பிறகு ஒரே ஒரு டாலருக்கு உங்களிடம் கொடுத்துவிடுகிறேன் என்றார். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! நிபந்தனை என்னவென்றால், வருடத்துக்கு 1,20,000 டன் குப்பை வந்தாக வேண்டும், டன்னுக்கு 81 டாலர் வீதம் அவர் வசூலிப்பார். குப்பை குறைந்தால் அந்தக் குறைக்கான பணத்தை ஊர் கட்ட வேண்டும். வெளிச்சந்தையில் இதைவிடக் குறைந்த செலவில் குப்பையைத் தள்ள முடிந்தது. யார் இங்கே கொண்டுவந்து அதிகம் கொடுப்பார்கள்? ஆகவே ஊர் ஒரு விதி போட்டது: ஊருக்குள் இருக்கும் குப்பை எல்லாம் இந்த நிலையம் வழியாகத்தான் போக வேண்டும். மீறினால் 1,000 டாலர் வரை அபராதம், 15 நாள் வரை சிறை.

அதே ஊரில் ஒரு தனியார் மறுசுழற்சி நிறுவனம் இருந்தது. தரம் பிரித்து, விற்கக்கூடியதை விற்று, மிச்சத்தைத் தொலைதூர மாநிலங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. புதிய விதிப்படி அந்த மிச்சத்தையும் நிலையத்துக்குக் கொண்டுபோய், ஏற்கெனவே பிரித்ததைப் பிரிக்க 81 டாலர் கட்ட வேண்டும். அவர்கள் கட்டவில்லை. 1991 மார்ச்சில் அவர்களுடைய லாரி ஒன்று சாலை மேம்பாலத்தில் மோதியது. உள்ளே 23 பொதி குப்பை, இந்தியானா மாநிலக் கிடங்குக்குப் போய்க்கொண்டிருந்தது. குப்பைக் கடத்தல்! போலீஸ் அந்த நிறுவனத்தைக் கண்காணித்து அடுத்த சில நாட்களில் இன்னும் ஆறு லாரிகளைப் பிடித்தது. தங்கத்துக்கும் போதைப்பொருளுக்கும் நடப்பதெல்லாம் மிச்சக் குப்பைக்கு நடந்தது. குப்பையை யாரும் அங்கே தெருவில் கொட்டவில்லை, அது ஊரை விட்டு வெளியேதான் போனது. வெளியேறியது என்பதுதான் குற்றம்.

1994ல் உச்ச நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தைத் தடுக்கிறது என்றது. குப்பையும் வணிகச் சரக்குதான் என்று அதே நீதிமன்றம் 1978லேயே பிலடெல்பியாவுக்கும் நியூ ஜெர்சிக்கும் நடந்த வழக்கில் சொல்லியிருந்தது. ஆனால் 2007ல் இன்னொரு வழக்கில், நிலையம் அரசுக்கே சொந்தமானதாக இருந்தால் குப்பையைக் கட்டாயமாக அங்கே அனுப்பச் சொல்லலாம் என்றும் சொன்னார்கள்.

இந்த வழக்கில் எந்தப் பக்கம் நிற்பது என்று எனக்கு இன்றுவரை சரியாகப் பிடிபடவில்லை. ஊருக்குப் பொதுவான நிலையம் வேண்டும், அதற்கு வருமானம் வேண்டும், அது நியாயமே. எனக்குப் பயமாக இருப்பது அந்த 1,20,000 டன். ஒரு நகரம் "இவ்வளவு குப்பை தருகிறேன்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டால், அதன் பிறகு குப்பையைக் குறைப்பதே நஷ்டம். எரிஉலை ஒப்பந்தங்களிலும் இதே சிக்கல். உலை அணையாமல் எரியத் தீனி வேண்டும். காகிதமும் பிளாஸ்டிக்கும்தான் நன்றாக எரியும், மறுசுழற்சிக்கு வேண்டியவையும் அவையே. ஒரு கையால் "குறைப்போம், பிரிப்போம்" என்று பலகை வைத்துவிட்டு, மறு கையால் இருபது வருடத்துக்கு டன் கணக்கு எழுதிக் கொடுப்பது எப்படிச் சேரும்? உங்கள் ஊர் நிர்வாகம் ஒப்பந்தத்தைப் பார்வைக்கு வைத்தால் கேமராவோடு நடக்கும் தொடக்க விழாச் செய்தியை விட்டுவிடுங்கள். குறைந்தபட்ச அளவு என்று ஒரு பிரிவு இருக்கும், அதைப் படியுங்கள்.

உடைமை மாறும்போது யாருடைய சோறு போகிறது என்பதற்குக் கெய்ரோவைவிடக் கசப்பான கதை எனக்குத் தெரியாது. அங்கே குப்பை அள்ளுவது பல தலைமுறையாக ஸப்பாலீன் மக்களின் வேலை. வீடு வீடாக மாடியேறி வாங்குவார்கள், முகத்தம் மலையடிவாரக் குடியிருப்புக்குக் கொண்டுபோய்ப் பிரிப்பார்கள். பெரும்பாலானவர்கள் கிறிஸ்தவர்கள், பன்றி வளர்ப்பவர்கள். உணவுக் கழிவு பன்றிக்கு, மற்றது விற்பனைக்கு. அள்ளியதில் 80 விழுக்காடு வரை மறுசுழற்சிக்குப் போனது என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. 2003ல் அரசு ஐரோப்பிய நிறுவனங்களுக்குப் பதினைந்து வருட ஒப்பந்தம் கொடுத்தது. நிறுவனங்கள் 20 விழுக்காடு மறுசுழற்சி செய்தால் போதும் என்பது நிபந்தனை. கட்டணம் மின்சார ரசீதில் வந்தது. மாடியேறி வாங்க ஆள் கிடையாது, தெருவில் வைத்த பெரிய தொட்டியில் நீங்களே போட வேண்டும். குறுகலான சந்துகளில் அந்தப் பெரிய லாரிகள் நுழையவே முடியவில்லை. 2009ல் பன்றிக் காய்ச்சல் பயத்தில் அரசு ஏறத்தாழ மூன்று லட்சம் பன்றிகளையும் கொல்லச் சொன்னது. தின்ன வாய் இல்லாமல் உணவுக் கழிவு தெருக்களில் மலையாகக் குவிந்தது.

ஸப்பாலீன் குப்பைக்குச் சட்டப்படி உரிமையாளர்களாக என்றுமே இருந்ததில்லை. யாரும் அதைக் கேட்காத வரை அது அவர்களுடையதாக இருந்தது, அவ்வளவுதான்.

கொலம்பியாவின் பொகோட்டாவில் பொறுக்குபவர்கள் இதே கதையைச் சட்டத்தின் வழியிலேயே திருப்பினார்கள். எங்களை வெளியே தள்ளும் வகையில் டெண்டர் எழுதப்பட்டிருக்கிறது என்று அரசியல் சாசன நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2003ல் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. மறுபடியும் மறுபடியும் போராடி, 2011ல் ஒரு பெரிய டெண்டரையே நிறுத்த வைத்தார்கள். 2013லிருந்து, அவர்கள் சேகரித்து எடை போட்டுக் கொடுக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் நகரம் பணம் தரத் தொடங்கியது. லாரி நிறுவனத்துக்கு அள்ளுகூலி கொடுக்கிறோம், அதே வேலையைச் செய்கிறவருக்கு ஏன் கொடுக்கக் கூடாது என்ற கேள்விக்கு வந்த பதில் அது.

புனேயில் பொறுக்கும் பெண்கள் 1993ல் சங்கம் சேர்ந்தார்கள். பிறகு அவர்களுடைய "ஸ்வச்" கூட்டுறவு 2008ல் மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டது. வீட்டு வாசலிலேயே குப்பையை வாங்குகிறார்கள். வீட்டுக்காரர்கள் மாதக் கட்டணம் தருகிறார்கள். விற்கக்கூடிய உலர் குப்பை அள்ளியவருக்கே சொந்தம். கடைசி வாக்கியத்தைப் படித்தபோது என் கையேட்டை எடுத்துப் பார்த்தேன். அதே உடைமை வரிதான், பெயர் மட்டும் வேறு.

இதுவரை எல்லோரும் குப்பையை எனக்கு, உனக்கு என்று சண்டை போட்ட கதைகள். விலை கவிழ்ந்தால் காட்சி தலைகீழ். 1987ல் நியூயார்க் பக்கமிருந்து சுமார் 3,000 டன் குப்பையோடு "மோப்ரோ 4000" என்ற தெப்பம் புறப்பட்டது. வட கரோலினாவில் இறக்குவதாகத் திட்டம். உள்ளே மருத்துவமனைக் கழிவு இருக்கிறது என்று பேச்சுக் கிளம்பியது, இறக்க விடவில்லை. கரையோர மாநிலங்கள், மெக்சிகோ, பெலிஸ் என்று எங்கு போனாலும் விரட்டினார்கள். ஆறாயிரம் மைல் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து, புரூக்ளினில் எரிக்கப்பட்டது. பெற்றவளே வாங்க மாட்டேன் என்று சொன்ன பிள்ளை மாதிரி.

முப்பது வருடம் கழித்து அது உலக அளவில் நடந்தது. 1992லிருந்து உலகம் ஏற்றுமதி செய்த பிளாஸ்டிக் கழிவில் ஏறத்தாழ 45 விழுக்காடு சீனாவுக்குப் போயிருந்தது. 2018 ஜனவரி முதல் 24 வகைக் கழிவுகள் வேண்டாம் என்று சீனா கதவைச் சாத்தியது. மற்றவற்றிலும் பெரும்பாலானவற்றில் அசுத்தம் 0.5 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்றது. நூறு கிலோ காகிதப் பொதியில் அரைக் கிலோவுக்கு மேல் வேறு எதுவும் இருக்கக் கூடாது. எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் வாங்கி, வண்டியில் போட்டு நசுக்கி, அப்புறம் பிரிக்கும் ஊர்களால் அதை எட்டவே முடியாது. வண்டிக்குள் கண்ணாடி நொறுங்கிக் காகிதத்துக்குள் ஏறிவிடும், ஈரம் பட்ட காகிதத்தின் நார் கெட்டுவிடும். விற்று வருமானம் பார்த்த நகராட்சிகள் அதே பொதியை எடுத்துக்கொள்ள ஆளுக்குப் பணம் கொடுக்க வேண்டிவந்தது. சில இடங்களில் மறுசுழற்சியையே நிறுத்தினார்கள்.

இந்த மாதிரி நேரத்தில் உடைமை வரிக்கு அடியில் இருக்கும் இன்னொரு வரி வேலைக்கு வரும். தவறாகப் பிரிக்கப்பட்ட தொட்டி ஏற்றுக்கொள்ளப்படாது, அதை அகற்றுவது வைத்தவரின் பொறுப்பு. எனக்கு அதுவும் நடந்திருக்கிறது. உள்ளே எண்ணெய்க் கறை படிந்த அட்டைப் பெட்டி ஒன்று இருந்ததற்காகச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி மொத்தத் தொட்டியையும் திரும்ப விட்டுவிட்டுப் போனார்கள். நல்ல குப்பை அவர்களுடையது, கெட்ட குப்பை என்னுடையது. பதினோரு வருட நோட்டைக் கேட்டபோது கிடைக்காத உரிமை, எண்ணெய்ப் பெட்டிக்குத் தானாகவே கிடைத்தது.

இதற்கெல்லாம் மூலகாரணமான ஆள் இந்த இழுபறியில் எங்குமே வருவதில்லை என்பதைக் கவனித்தீர்களா? அந்தப் பெட்டியைச் செய்தவர். மூன்று பொருளை ஒட்டி, எந்த ஆலையாலும் பிரிக்க முடியாத உறையைத் தயாரித்தவர். 1990ல் ஸ்வீடனைச் சேர்ந்த தாமஸ் லிண்ட்குவிஸ்ட் என்ற ஆய்வாளர், பொருளின் பொறுப்பு அதன் முடிவு வரை தயாரிப்பாளரோடு போக வேண்டும் என்ற யோசனையை அந்நாட்டு அரசுக்கு எழுதினார். ஜெர்மனி 1991ல் பேக்கேஜிங் விதியைக் கொண்டுவந்து உறைகளைத் திரும்ப வாங்கும் கடமையை உற்பத்தியாளர், விற்பனையாளர் தலையில் வைத்தது. பிறகு பல நாடுகள் பின்பற்றின. இந்தப் பொறுப்பு எடைக்கு இவ்வளவு என்று கட்டணமாக வந்த சில இடங்களில் உறை மெலிந்தது. கட்டணம் கட்டிவிட்டால் கடமை முடிந்தது என்று ஆன இடங்களில் காகிதக் கணக்கு மட்டும் வளர்ந்தது. அதிகம் பேச ஆசைதான், ஆனால் அது தனிக் கட்டுரை.

ஜப்பானில் கமிகாட்சு என்ற மலைக்கிராமத்தில் குப்பை வண்டியே கிடையாது. 2003ல் குப்பையில்லா ஊராவோம் என்று அறிவித்தார்கள். மக்களே நிலையத்துக்குக் கொண்டுவந்து நாற்பதுக்கும் மேற்பட்ட வகையாகப் பிரிக்கிறார்கள். அந்த எண்ணைத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்குப் பிடித்தது வேறு. ஒவ்வொரு பெட்டிக்கு மேலும் ஒரு பலகை, இந்தப் பொருள் இங்கிருந்து எங்கே போகிறது, இதனால் ஊருக்குக் காசு வருகிறதா போகிறதா என்று. பெட்டிக்குள் போடுவதற்கு முன் கை ஒரு நொடி நின்றுவிடும். கைவிடுகிற நேரத்திலும் அது என் காசுதான் என்று தெரிகிறது.

நோட்டு போன பிறகு நான் ஆறு மணி விதியை ஒழுங்காகப் பின்பற்ற ஆரம்பித்தேன். அதற்காகச் சீக்கிரம் எழுந்ததில்தான் அந்த அம்மாவைப் பார்த்தேன். ஐந்தரை மணிக்கே வருவார். தோளில் சாக்கு. தொட்டிகள் வெளியே வருவதற்குள் தெருவை ஒரு முறை முடித்துவிடுவார். ஒரு நாள் கேட்டில் கட்டோடு நின்ற என்னிடம், "தம்பி, வெளிய வைக்காதீங்க" என்றார். "கேட்டுக்கு உள்ளயே வைங்க. நான் குரல் குடுக்கறேன், கையில எடுத்துக் குடுங்க. நீங்க குடுத்தா நான் வாங்கிக்கிட்டது. வெளிய இருந்து எடுத்தா திருடினதுன்னு சொல்லுவாங்க."

எனக்கு மாதக்கணக்கில் படித்த பிறகு புரிந்தது அவருக்கு என்றைக்கோ தெரிந்திருந்தது.

இப்போது அப்படித்தான் நடக்கிறது. ஐந்தரைக்குக் குரல் வரும், கட்டை எடுத்துக் கொடுப்பேன். நோட்டுக் கதையை ஒரு முறை அவரிடம் சொல்லித் தொலைத்துவிட்டேன். அதனால் ஒவ்வொரு வாரமும் கயிற்றை அவிழ்த்து, என் முன்னாலேயே தாள்களை விரலால் தள்ளிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல தம்பி, எல்லாம் பேப்பர்தான்" என்று சொல்லிவிட்டுத்தான் சாக்கில் போடுகிறார்.